பெரியப்பாவின் பெட்டியில் ஒரு ஹல்க்: முதலில் கடிதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

கேள்வி:

ஐயா, என் பெரியப்பா 1973 முதல் 1976 வரை அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் மெட்டலர்ஜி படித்தவர். திரும்பி வந்து திருச்சியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். போன வருடம் தவறிவிட்டார். பரணில் இருந்த அவருடைய டிரங்குப் பெட்டியைப் போன மாதம்தான் இறக்கினோம். ஸ்வெட்டர், ஸ்லைடு ரூல், ஒரு கட்டு கடிதங்கள், கூடவே 14 ஆங்கிலக் காமிக்ஸ் புத்தகங்கள் இருந்தன. அதில் ஒன்று ஹல்க் என்ற சூப்பர்ஹீரோவின் இதழ், எண் 181. என் பையன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு ஒரு கோடி ரூபாய் வரை போகும் என்கிறான். தெரிந்த பழைய புத்தக வியாபாரி ஒருவர் நாற்பதாயிரம் தருகிறேன் என்கிறார்.

புத்தகம் கொஞ்சம் அடிபட்டுத்தான் இருக்கிறது. இரண்டு பின்னும் துருப்பிடித்திருக்கின்றன. அடிப்பக்கம் தண்ணீர்க் கறை. முதுகு மேலிருந்து ஓர் அங்குலம் பிரிந்திருக்கிறது. முதல் பக்கத்தின் மேலே பெரியப்பா தன் பெயரும் 14-8-74 என்று தேதியும் பேனாவால் எழுதியிருக்கிறார். ஆனால் அட்டையில் நவம்பர் என்று இருக்கிறது. இது எப்படி? ஒருவேளை போலியா? பின்னை மாற்றி, கிழிசலை ஒட்டி, லாமினேட் செய்து வைத்தால் விலை கூடுமா? ஜெராக்ஸ் கடையில் செய்து தருகிறேன் என்கிறார்கள். பேனா எழுத்தை அழிக்க வழி உண்டா? நான்கு போட்டோக்கள் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, உறையூர்

பதில்:

சகோதரிக்கு வணக்கம். இதைப் படிக்கும்போது புத்தகம் இன்னும் ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். லாமினேஷன் வேண்டாம். பின் மாற்ற வேண்டாம். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து ஈரம் காயவிட்டு, புத்தகத்தை ஒரு மேஜைமேல் வையுங்கள். கையுறை தேவையில்லை. கையுறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, சிக்கிக் கிழிந்துவிடும். ஒவ்வொரு தாளாக மெதுவாகப் புரட்டி, வாசகர் கடிதங்கள் அச்சான பக்கத்துக்குப் போங்கள். அந்தப் பக்கத்தில் அஞ்சல்தலை மாதிரி ஒரு சின்னப் படம் இருக்க வேண்டும். எண் 54. ஷானா என்ற காட்டு நாயகியின் படம். அது இருக்கிறதா, அல்லது அந்த இடத்தில் கத்தரித்த ஓட்டை இருக்கிறதா?

நீங்கள் அனுப்பிய நான்கு போட்டோக்களில் முன் அட்டை, பின் அட்டை, முதல் பக்கம், நடுப்பக்கம் எல்லாம் இருக்கின்றன. கடிதப் பக்கம் மட்டும் இல்லை. உங்கள்மேல் குறையில்லை, யாருக்கும் அதைப் படமெடுக்கத் தோன்றாது. ஆனால் இந்த ஒரு புத்தகத்தைப் பொறுத்தவரை, கறை, துரு, கிழிசல் மூன்றும் சேர்ந்து குறைக்கும் விலையை விட அந்தச் சின்ன ஸ்டாம்ப் இல்லாமல் போனால் குறையும் விலை அதிகம்.

அதன் கதை இதுதான். 1974-இல் மார்வெல் நிறுவனம் தன் காமிக்ஸ்களின் கடிதப் பக்கங்களில் ஸ்டாம்ப் அச்சிட ஆரம்பித்தது. மொத்தம் 100 ஸ்டாம்ப். கத்தரித்து எடுத்து, தபாலில் பணம் அனுப்பி வாங்கும் ஒரு சின்ன ஆல்பத்தில் ஒட்டிச் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் ஆசையாகக் கத்தரித்தார்கள். அந்தப் புத்தகம் ஒரு நாள் இத்தனை பேர் தேடும் பொருளாகும் என்று அப்போது யார் கண்டார்கள்? இன்று 1974, 75-ஆம் ஆண்டு மார்வெல் புத்தகம் எது கைக்கு வந்தாலும், மதிப்பிடுகிறவர் அட்டையைப் பார்த்த கையோடு கடிதப் பக்கத்தைத்தான் திறப்பார்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கண்காட்சியில் இதே 181-ஐ வாங்கினேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, அட்டை பளபளவென்று இருந்தது. விற்றவர் உறையைப் பிரிக்க யோசித்தார், நானும் வற்புறுத்தவில்லை. அறைக்கு வந்து திறந்தால் கடிதப் பக்கத்தில் ஒரு சன்னல். ஆறு மாதச் சேமிப்பில் பாதிக்கு மேல் போயிற்று. அன்றிலிருந்து பக்கம் எண்ணாமல் எந்தப் புத்தகத்துக்கும் நான் விலை சொன்னதில்லை, இப்போது உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. இரண்டு நிலைமைக்கும் தனித்தனியாகத்தான் சொல்வேன்.

கடிதப் பக்கத்தைப் பார்க்கும்போதே மொத்தத்தையும் எண்ணிவிடுங்கள். அட்டையை விட்டுவிட்டு உள்ளே 32 பக்கம், அதாவது நடுவில் மடித்துப் பின் அடித்த 8 முழுத் தாள்கள். நடுத்தாள் கழன்று காணாமல் போவது பழைய காமிக்ஸில் சகஜம். உங்கள் போட்டோவில் நடுத்தாள் இருக்கிறது, கீழ்ப் பின்னிலிருந்து மட்டும் விடுபட்ட மாதிரி தெரிகிறது. விளம்பரப் பக்கங்களில் கூப்பன் எதுவும் கத்தரிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் தனியாக இருந்த மாணவர் எதற்காவது கூப்பன் வெட்டி அனுப்பியிருக்கலாம். அப்புறம் ஸ்டாம்ப் இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வேறு பிரதியிலிருந்து ஸ்டாம்பை வெட்டி ஒட்டி விற்கிறவர்கள் உண்டு, ஒட்டியிருந்தால் நாலு பக்கமும் கோடு தெரியும். உங்கள் பெரியப்பா வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிய புத்தகத்தில் அதற்கு வாய்ப்பில்லை. பழக்கத்துக்காகச் சொல்கிறேன்.

சரி, போலியா என்ற சந்தேகத்துக்கு வருவோம். உங்களைக் குழப்பிய அந்தத் தேதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் காமிக்ஸில் அட்டையில் போடும் மாதம், புத்தகம் கடைக்கு வந்த மாதம் இல்லை. இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே கடைக்கு வந்துவிடும். அட்டை மாதத்தைத் தள்ளிப் போட்டால் அதுவரை கடைக்காரர் அதைப் பழசு என்று எடுத்துவிடாமல் அடுக்கில் வைத்திருப்பார் என்பது கணக்கு. நவம்பர் இதழ் கோடையிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோவில் ஒரு மருந்துக்கடையிலோ பத்திரிகை ஸ்டாண்டிலோ 25 சென்ட் கொடுத்து அவர் வாங்கியிருந்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பின்னாளில் யாராவது போலியாகத் தேதி எழுதினால் அட்டையைப் பார்த்து நவம்பர் என்றுதான் எழுதியிருப்பார்.

இருந்தாலும் உறுதி செய்துகொள்ளலாம். இந்த இதழை மார்வெலே பிற்காலத்தில் அப்படியே பழைய அட்டையோடு மறுபதிப்பு செய்திருக்கிறது. முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வெளியீட்டு விவரம் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து ஆண்டைப் படியுங்கள். மறுபதிப்பின் தாளும் வேறு. 1974-இன் தாள் செய்தித்தாள் போலச் சொரசொரப்பாக, பழுப்பேறி, பழைய நூலக வாசத்தோடு இருக்கும். உங்கள் போட்டோக்களில் தெரிகிற தாளும், துரு தாளுக்குள் இறங்கியிருக்கிற விதமும் ஐம்பது வருடத்தைத்தான் சொல்கின்றன.

இந்த இதழுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று உங்கள் பையனுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்காகச் சுருக்கமாக. வோல்வரின் என்ற பாத்திரம் முதன்முதலாக முழுமையாக வருவது இதில்தான். முந்தைய 180-ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் தலையைக் காட்டுவார், 181-இல்தான் முழுச் சண்டை. கனடாக்காரரான ஒரு நாயகன் வேண்டும் என்று ஆசிரியர் ராய் தாமஸ் நினைத்தார். லென் வீன் கதை எழுதினார், ஜான் ரொமிடா உடையை வரைந்துகொடுத்தார், ஹெர்ப் டிரிம்ப் இதழுக்குப் படம் வரைந்தார். அன்றைக்கு அது ஹல்க்கோடு மோத வந்த ஒரு புதுமுகம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அந்தப் புதுமுகம் எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ குழுவில் சேர்ந்து, பத்து வருடத்துக்குள் அந்த நிறுவனத்தின் பெரிய பெயர்களில் ஒன்றாகிவிட்டது. 2000-இல் வெள்ளித்திரைக்கும் வந்தபிறகு, காமிக்ஸே படிக்காதவர்களும் இந்த இதழைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஆனால் இது அரிய புத்தகம் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கா முழுக்கக் கடை கடையாக விற்ற மாத இதழ் அது. சிஜிசி என்று ஒரு நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஃபுளோரிடாவில் காமிக்ஸ்களுக்குத் தரம் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருகிறது. அவர்கள் கைவழியாக மட்டும் இந்த 181 பத்தாயிரம் பிரதிகளுக்கு மேல் போயிருக்கிறது. ஆகவே வாங்குகிறவருக்கு எப்போதும் வேறு பிரதி கிடைக்கும். விலையைத் தீர்மானிப்பது நிலைமைதான். தேடுகிறவர்கள் ஏராளம் என்பதால் அடிபட்ட பிரதிக்கும் நல்ல விலை உண்டு, அப்பழுக்கில்லாத பிரதிக்கு மட்டும் விலை வானத்துக்குப் போகும்.

உங்கள் பையன் பார்த்த விலை அந்த அப்பழுக்கில்லாத பிரதிகளுடையது. தரம் 0.5-இல் ஆரம்பித்து 10 வரை போகும். 9.8 என்றால் நேற்று அச்சகத்திலிருந்து வந்த மாதிரி, முதுகில் ஒரு வெள்ளைக் கீறல்கூட இல்லாமல் இருக்க வேண்டும். செய்தியில் வருவதெல்லாம் இந்த உச்சிதான். ஸ்பைடர்மேன் அறிமுகமான 1962-ஆம் ஆண்டு இதழ் 9.6 தரத்தில் 2021-இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. அதே இதழின் கிழிந்த பிரதிகள் அதில் நூற்றில் ஒரு பங்குகூடப் போவதில்லை. பையனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் பார்த்தது பொய் இல்லை. அந்த விலை வேறு பிரதிக்கு உரியது.

உங்கள் பிரதியை நான் எப்படிப் பார்க்கிறேன்? நேரில் தொடாமல் சொல்வதால் இது உத்தேசம்தான்.

முன் அட்டையின் நிறம் நன்றாக இருக்கிறது. பெட்டிக்குள் வெயில் படாமல் இருந்ததன் பலன் அது. முதுகு ஓரத்தில் ஏழெட்டு சின்னச் சின்ன மடிப்புக் கோடுகள், அவற்றில் மை உடைந்து வெள்ளை தெரிகிறது. அதற்கு வைத்தியம் கிடையாது. மேலே அந்த ஓர் அங்குலப் பிரிவு. அதுவே நடுத்தரத்துக்குக் கீழே தள்ளிவிடும். தண்ணீர்க் கறைக்கு ஒரு பழுப்பு விளிம்பு இருக்கிறது பாருங்கள், கடற்கரையில் அலை விட்டுப் போன கோடு மாதிரி. ஈரம் எதுவரை ஏறியதோ அங்கே தாளில் கரைந்த அழுக்கெல்லாம் ஒதுங்கி நின்றுவிட்டது. பரணுக்கு மேலே தளத்தில் எப்போதோ ஓதம் இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். பெட்டியின் அடியில் துரு வட்டம் இருந்தால் அதேதான்.

பின்னின் துரு இதில் தொல்லை பிடித்தது. துரு பின்னோடு நிற்பதில்லை. ஈரமான ஒவ்வொரு மழைக்காலத்திலும் சுற்றியுள்ள தாளுக்குள் இறங்கி, அந்த இடத்தை மக்க வைக்கும். நடுத்தாள் கீழ்ப் பின்னிலிருந்து விடுபட்டது இழுபட்டதால் இல்லை, அந்த ஓட்டையைச் சுற்றி இருந்த தாள் பலமிழந்ததால்தான் என்று படுகிறது. உள்ளே தாளின் நிறத்தை நான் மஞ்சளுக்கும் வெளிர் பழுப்புக்கும் நடுவே வைப்பேன். மலிவான மரக்கூழில் செய்த தாள் அது. அதற்குள்ளேயே இருக்கிற மரப்பொருளும் அமிலமும் காற்றோடும் வெப்பத்தோடும் சேர்ந்து தாளைப் பழுக்க வைக்கின்றன. ஒஹையோவில் கீழ்த்தளத்தில் கிடந்த பிரதியை விட, திருச்சி மொட்டை மாடிக்குக் கீழே பரணில் நாற்பது கோடையைப் பார்த்த பிரதி பழுத்திருப்பது இயற்கை. நல்ல சேதி என்னவென்றால், ஓரங்கள் உதிரவில்லை. புரட்டும்போது மேஜையில் பிஸ்கட் தூள் மாதிரி விழுகிறதா என்று பாருங்கள், விழவில்லை என்றால் நிம்மதி. ஆனால் சோதிக்கிறேன் என்று எந்த மூலையையும் மடித்துப் பார்க்காதீர்கள். ராமபாணப் பூச்சி அரித்த தடமும் இல்லை. அதற்கு உங்கள் பெரியப்பா போட்டு வைத்த அந்துருண்டைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், வாசம் மட்டும் போகாது.

எல்லாம் சேர்த்து, ஸ்டாம்ப் இருந்தால், 2.5 முதல் 3.5-க்குள் என்பது என் மதிப்பு. ஸ்டாம்ப் இல்லையென்றால் 1-ஐ ஒட்டி விழலாம், அல்லது குறையைக் குறிப்பிட்டுப் பச்சை லேபிள் போட்டுத் தருவார்கள். பச்சை லேபிள் என்றால், மற்றபடி இந்தத் தரம், ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று பொருள். நீல லேபிள்தான் சாதாரணமானது.

பணமாகச் சொன்னால், ஸ்டாம்ப் இருக்கிற, மூன்றை ஒட்டிய தரத்துப் பிரதி இன்றும் ஆயிரம் டாலருக்கு மேல், சில ஆயிரங்களுக்குள் நிற்கிறது. ஆயிரம் டாலர் என்றாலே 85,000 ரூபாய்க்கு மேல். ஸ்டாம்ப் இல்லாவிட்டால் அதில் பாதிக்கும் கீழே இறங்கலாம். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்களே பார்க்கலாம். ஈபே தளத்தில் விற்று முடிந்தவை என்று ஒரு பிரிவு இருக்கிறது, பையனை அதைத் திறக்கச் சொல்லுங்கள். டல்லஸ் நகரத்து ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் பழைய முடிவுகளையும் அவர்கள் தளத்தில் பார்க்கலாம். விற்கிறவர் கேட்கும் விலையைப் பார்க்கவே வேண்டாம், யாரும் எதையும் கேட்கலாம். கடந்த மூன்று மாதத்தில், அதே தரத்தில், உண்மையில் கைமாறிய ஐந்தாறு பிரதிகளின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் புத்தகத்தின் விலை 2021-ஐ ஒட்டிய காலத்தில் கிடுகிடுவென்று ஏறி, பிறகு இறங்கியது. அந்தச் சமயத்து எண்களைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

அந்த நாற்பதாயிரம்? ஸ்டாம்ப் இருந்தால் அது மிகக் குறைவு. இல்லாவிட்டாலும் உடனே கை நீட்டி வாங்க வேண்டிய விலை இல்லை. அவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே விற்கச் சந்தை இல்லாத பொருளை அவர் வாங்கி வெளிநாட்டில் விற்க வேண்டும், அந்த அலைச்சலும் ஆபத்தும் அவருடையது. ஆனால் அவசரம் உங்களுக்கு இல்லை. ஐம்பது வருடம் காத்திருந்த புத்தகம் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும்.

இப்போது அந்தப் பழுது பார்க்கும் யோசனைகள். லாமினேஷன் என்பது சூடான பிசினைத் தாளுக்குள் இறக்கி, திரும்ப எடுக்க முடியாதபடி மூடுவது. லாமினேட் செய்த நிமிடமே அது சேகரிப்பாளர் சந்தையிலிருந்து வெளியே போய்விடும். செல்லோ டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும், பிளாஸ்டிக் உதிர்ந்து போனாலும் கறை போகாது. ஓர் அங்குலப் பிரிவு ஓர் அங்குலப் பிரிவாகவே இருக்கட்டும். புதுப் பின் அடித்தால், அடித்தவுடன் அது திருத்தப்பட்ட பிரதி. ஓரம் சீராக இருக்கட்டும் என்று பைண்டிங் கடையில் ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்தாலும், வெளுத்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தொட்டாலும் அப்படித்தான். தரம் போடுகிறவர்கள் விளக்கடியில் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஊதா லேபிள் ஒட்டுவார்கள். ஊதா லேபிளைக் கண்டால் வாங்குகிறவர் பாதி பேர் விலகிப் போவார்கள். நம் ஊரில் பழையதை மினுக்கி வைத்தால்தான் மரியாதை என்று பழகியிருக்கிறோம். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. இந்தத் தாளுக்கு, கை படாமல் இருந்ததுதான் மதிப்பு. வயதால் வந்த குறையை வாங்குகிறவர் பொறுத்துக்கொள்வார், யாரோ மறைக்கப் பார்த்த குறையைப் பொறுக்க மாட்டார்.

இஸ்திரிப் பெட்டி வைத்துச் சுருக்கம் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெயிலில் காயப் போடவும் வேண்டாம். ஈரமான புத்தகம் என்றால் மாடியில் விரித்து வைப்பது நம் வழக்கம், ஆனால் ஒரே மதிய வெயில் ஐம்பது வருடம் காப்பாற்றிய நிறத்தில் கை வைத்துவிடும். முறையாகப் பயின்றவர்கள் மிதமான சூட்டிலும் ஈரப்பதத்திலும் அழுத்தித் தட்டையாக்குவது உண்டு, அதைச் சந்தை தவறாகப் பார்ப்பதில்லை. உங்கள் பிரதியில் கறையால் வந்த அலை அலையான நெளிவு கொஞ்சம் படியலாம். ஆனால் மக்கிய பின்னோடு இருக்கிற புத்தகத்தை அழுத்தலாமா என்பதை அவர் கையில் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பேனா எழுத்தைப் பற்றி. அழிக்க வேண்டாம். ரப்பரோ பிளீச்சோ அந்தத் தாளை ஓட்டையாக்கிவிடும். இந்தத் தரத்தில் ஒரு பெயர் எழுதியிருப்பது விலையை அதிகம் அசைக்காது. மேலும் உங்களிடம் இருப்பது வெறும் பெயரில்லை. யார் வாங்கினார், எந்த நாளில், எந்த ஊரில் என்று மூன்றையும் சொல்லக்கூடிய பிரதிகள் என் கைக்கு அபூர்வமாகத்தான் வருகின்றன. அவர் படித்த கல்லூரியின் அடையாள அட்டையோ, அந்த வருடக் கடிதமோ பெட்டியில் இருந்தால் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். பிறந்த ஊரை விட்டு இத்தனை மைல் தள்ளி, இருபத்துச் சொச்சம் வயதில், கையிலிருந்த சில்லறைக்கு ஒரு காமிக்ஸ் வாங்கி, பெயரும் தேதியும் போட்டு, கப்பலோ விமானமோ ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, அந்தப் பக்கத்தை ஒரு நல்ல போட்டோ எடுத்து வீட்டில் மாட்டுங்கள்.

தற்காலிகமாகப் பத்திரப்படுத்த, இரண்டு புதிய வெள்ளை ஏ4 தாளுக்கு நடுவே புத்தகத்தைப் படுக்கை வாட்டில் வைத்து, மேலும் கீழும் ஒரு கெட்டி அட்டை கொடுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். பிளாஸ்டிக் வாடை அடிக்கிற கவர் எதுவும் ஆகாது. மைலார் என்ற வாடையில்லாத பாலியெஸ்டர் உறையைக் கேட்டால் காமிக்ஸ் அளவில் வரவழைக்கலாம், கூடவே அமிலமில்லாத அட்டையும். பரணுக்குத் திரும்ப ஏற்ற வேண்டாம். வெளிச்சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டாத பீரோவில் நடுத்தட்டு போதும், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் புத்தகத்தைத் தொடாமல் பக்கத்தில் இருக்கட்டும். அந்துருண்டையை எடுத்துவிடுங்கள், இனி தேவையில்லை.

விற்பதென்றால், ஸ்டாம்ப் இருக்கும் பட்சத்தில் தரம் போட்டு விற்பதுதான் லாபம். கட்டணம் புத்தகத்தின் மதிப்பைப் பொறுத்து ஏறும், ஏல நிறுவனமும் தன் பங்கை எடுக்கும், இரண்டையும் முதலிலேயே கேட்டுக் கழித்துப் பாருங்கள். தபாலில் அனுப்புவதை விட, அமெரிக்காவுக்குப் போகிற நம்பகமான உறவினர் கைப்பையில், இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே எடுத்துப்போவது மேல். செக்-இன் பெட்டியில் போடச் சொல்லாதீர்கள். பணம் வரும்போது வரி விஷயத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். ஸ்டாம்ப் இல்லாவிட்டால், என் யோசனை, விற்க வேண்டாம். தரம் போடும் செலவும் அலைச்சலும் போக மிஞ்சுவது, அந்தக் கையெழுத்தை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு இருக்காது.

மற்ற 13 புத்தகங்களின் பெயரை நீங்கள் எழுதவில்லை. 1973 முதல் 76 வரை அங்கே இருந்தவர் என்பதால் எனக்கு ஆவலாக இருக்கிறது. 180-ஆம் ஹல்க் இருக்கிறதா? அதில்தான் வோல்வரின் கடைசிக் கட்டத்தில் வருகிறார். அமேசிங் ஸ்பைடர்மேன் 129 இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள், பனிஷர் அறிமுகமாகும் இதழ் அது. 1975-இல் வந்த ஜெயன்ட் சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழ், எக்ஸ்-மென் 94, மூன் நைட் அறிமுகமாகும் வேர்வுல்ஃப் பை நைட் 32, இவற்றில் எது இருந்தாலும் 181-க்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுங்கள். எல்லாவற்றிலும் கடிதப் பக்கத்தைப் பாருங்கள். பெரியப்பா ஸ்டாம்ப் கத்தரிக்கிற பழக்கம் உள்ளவரா என்பது ஒன்றைத் திறந்தாலே தெரிந்துவிடும். பெட்டியில் எங்காவது ஒரு சின்ன ஸ்டாம்ப் ஆல்பம் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம், 54-ஆம் எண் அதில் ஒட்டியிருந்தால் உரிக்கவும் வேண்டாம்.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று படம் போதும்: கடிதப் பக்கம், உள்பக்கமிருந்து இரண்டு பின்களும், முதுகு முழுவதும். காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், சன்னலைப் பக்கவாட்டில் வைத்து எடுங்கள். 13 புத்தகங்களின் பெயரையும் எண்ணையும் பையனை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.